ஜோகிந்தர் சிங் ஓட்டிய சாலைகளில்: கென்யப் பயணம்

மார்ச் 27, 2024, புதன் – நைரோபி

சித்தி மகன் நைரோபிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்த வருடம் சஃபாரி ராலி ஈஸ்டர் வாரத்தில் நடக்கிறது என்று தெரிந்ததும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். 1953-இல் எலிசபெத் ராணி முடிசூடியதைக் கொண்டாட ‘கொரோனேஷன் சஃபாரி’ என்று தொடங்கிய கார்ப் போட்டி இது. பிறகு நெடுங்காலம் ஈஸ்டர் விடுமுறையில்தான் நடந்தது. கென்யாவில் பெருமழை இறங்கும் நேரம் அது. 2002-க்குப் பிறகு உலக ராலி சாம்பியன்ஷிப்பிலிருந்து விடுபட்டு, 2021-இல் திரும்பி வந்து, ஜூன் மாதங்களில் நடந்து, இப்போதுதான் பழையபடி ஈஸ்டருக்கு வந்திருக்கிறது.

இன்றைய உலகச் சாம்பியன்களைப் பார்க்கும் ஆசை இருந்தது. ஆனால் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தவர் ஜோகிந்தர் சிங். 1932-இல் கென்யாவின் கெரிச்சோவில் பிறந்தவர், 2013-இல் லண்டனில் காலமானவர். 1965, 1974, 1976 என்று மூன்று முறை சஃபாரி ராலியை வென்றவர். வெளியுலகம் ‘பறக்கும் சீக்கியர்’ என்றது. உள்ளூர்க்காரர்கள் ‘சிம்பா’ என்றார்கள், சிங்கம். பள்ளி நாட்களில் பழைய மோட்டார் பத்திரிகை ஒன்றில் பார்த்த படம் இன்றும் கண்ணில் நிற்கிறது: சேறு அப்பிய வோல்வோ, உள்ளே தலைப்பாகை.

நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. முதலில் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனோம். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை 1896 முதல் 1901 வரை போட்ட பாதைக்கு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டி வந்தார்கள். சுமார் 2,500 பேர் வேலையிலேயே செத்தார்கள். தச்சு, கொல்லு, இயந்திர வேலை தெரிந்த சீக்கியர்களுக்கு இந்த நாட்டில் இடம் உண்டானது இந்தத் தண்டவாளத்தால்தான். ஜோகிந்தரின் குடும்பத் தொழிலும் கராஜ்தான். அவர் ஸ்பேனர் பிடித்து வளர்ந்தவர். கிழக்கு ஆப்பிரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தில் ரோந்துப் பணியும் பார்த்திருக்கிறார். நடுரோட்டில் நின்றுபோன அடுத்தவர் வண்டிகளைக் கிளப்பிவிடும் வேலை அது. ராலி ஓட்டத் தொடங்கியபோது வயது இருபத்தாறு.

அருங்காட்சியகத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் பால் டீயும் மண்டாசியும். மண்டாசி என்பது லேசான இனிப்போடு எண்ணெயில் பொரித்த மைதாத் துண்டு. இரண்டும் சேர்த்து 50 ஷில்லிங், நம் பணத்தில் முப்பது ரூபாய் சொச்சம். நான் நோட்டை நீட்டினேன். சில்லறைக்காக அந்த அம்மா நாலு கடை ஏறி இறங்கினார். இங்கே எல்லோரும் எம்-பெசாவில் போனிலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். அவர் திரும்பி வரும்வரை பக்கத்திலிருந்த செருப்புத் தைப்பவர் கடையைப் பார்த்துக்கொண்டார், அதில் ஒரு வாடிக்கையாளருக்கு டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

மார்ச் 28, வியாழன் – கசரானி

நகர நடுவில் தொடக்க விழா, பிறகு கசரானியில் இரண்டிரண்டு கார்களாக விடும் குட்டி ஸ்டேஜ். ஸ்டேஜ் என்பது நேரம் அளந்து ஓட்டும் தனிப்பாதை. கூட்டம் திருவிழாதான். ஒரு பையன் என் தோளைத் தட்டி, ‘அங்கிள், இங்கே நின்றால் தெரியாது’ என்று ஆங்கிலத்தில் சொல்லி, தன் இடத்தைக் கொடுத்துவிட்டு அவன் நண்பன் முதுகில் ஏறிக்கொண்டான். தள்ளுவண்டியில் ஸ்மோக்கி விற்றார்கள். சாசேஜைக் கீறி, உள்ளே தக்காளி வெங்காயக் கச்சும்பாரியைத் திணித்து 40 ஷில்லிங். காரம் கேட்டால் கூடுதல் காசு வாங்காமல் அள்ளி வைக்கிறார்கள்.

கார்கள் நன்றாகத்தான் பறந்தன. ஆனால் வட்டத்துக்குள் ஓடும் ஓட்டத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

மார்ச் 29, புனித வெள்ளி – நைவாஷா

விடுமுறைக் கூட்டத்தால் ஷேர் வேனான மடாட்டுவின் கட்டணம் இரட்டிப்பு. சாதாரண நாளில் 350 என்று தம்பி சொன்ன நைவாஷாவுக்கு 700 கேட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. முன் இருக்கைப் பாட்டி மட்டும் நடத்துநரைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். வண்டியே சிரித்தது, பையன் தலையைக் குனிந்துகொண்டு அவரிடம் பாதிதான் வாங்கினான்.

மாய் மாஹியு இறக்கத்தில் பிளவுப் பள்ளத்தாக்கு திடீரென்று இடதுபுறத்தில் திறந்தது. கீழே மஞ்சள் புல்வெளி, நடுவில் லோங்கோனாட் எரிமலையின் உடைந்த வாய். இந்தச் சாலையைப் போட்ட இத்தாலியப் போர்க்கைதிகள் 1942-இல் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் வளைவோரம் இருக்கிறது. லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்க, எங்கள் ஓட்டுநர் அவற்றை முந்திய விதத்தில் நானும் கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

மதியம் ஏரிக்கரை மீன் சந்தையில் திலாப்பியா. முழு மீனைக் கீறி, எண்ணெயில் முறுகப் பொரித்து, உகாலியும் கீரையும் வைத்து 450 ஷில்லிங். உகாலி வெள்ளை மக்காச்சோள மாவுக் களி. கையால் உருட்டி, கட்டைவிரலால் குழி போட்டு, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். உப்பே போடுவதில்லை. மீனின் உப்போடு சேரும்போதுதான் அதன் ருசி பிடிபடுகிறது. பக்கத்து மேசைக்காரர் என் உருண்டையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

தங்குமிடம் கூடாரம். இரவில் நீர்யானைகள் மேய வரும், மின்வேலியைத் தாண்டாதீர்கள் என்றார் காவலாளி. கும்மிருட்டில் அவை புல்லைப் பிய்க்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தூக்கம் போயிற்று. தம்பிக்கு 1965 கதையைச் சொன்னேன்.

அன்றைய சஃபாரி மூடிய பாதையில் நடந்ததில்லை. ஏறக்குறைய ஐயாயிரம் கிலோமீட்டர். பஸ்ஸும் மாடும் ஒட்டகச்சிவிங்கியும் நடமாடும் பொதுச்சாலையில். குறித்த சோதனைச் சாவடிக்குக் குறித்த நேரத்தில் வராவிட்டால் நிமிடக் கணக்கில் தண்டப் புள்ளி. ஜோகிந்தரும் தம்பி ஜஸ்வந்த்தும் எடுத்துப்போனது வோல்வோ பிவி 544. கம்பெனி ஏற்கெனவே ஓட்டித் தேய்த்த பழைய கார். அதைத் தாங்களே பிரித்துப் பூட்டித் தயாராக்கினார்கள். கதவில் எண் 1. முடிவில் இரண்டாவதாக வந்தவரைவிட ஒரு மணி நாற்பது நிமிடம் முன்னே நின்றார்கள். இன்றைய ராலியில் வெற்றி தோல்வி நொடிக் கணக்கில் முடிகிறது. கென்யா சுதந்திரம் பெற்று ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம். அதுவரை வெள்ளையர்களே ஓட்டி வென்ற போட்டியில் முதன்முதலாக ஓட்டுநர் இடத்தில் ஓர் ஆசியர் பெயர்.

‘தம்பிதான் பக்கத்துல உக்காந்து வழி சொன்னாராண்ணே?’ என்று கேட்டான் இவன். ஆமாம் என்றேன். ‘அப்போ பாதிப் பேரு தம்பிக்குத்தான் போகணும்.’ அது சரியான பேச்சு.

மார்ச் 30, சனி – எல்மென்டைட்டா

நாலு மணிக்கு எழுந்து, வாடகைக் காரில் ‘ஸ்லீப்பிங் வாரியர்’ ஸ்டேஜுக்கு. படுத்திருக்கும் போர்வீரனின் முகம் மாதிரி மலை. விடிவதற்குள் பொட்டலில் ஆயிரக்கணக்கானவர்கள். கரி அடுப்பில் சோளக்கதிர் சுடுகிறார்கள், ஒன்று 30 ஷில்லிங், மேலே எலுமிச்சையும் மிளகாய்த் தூளும் தேய்த்துத் தருகிறார்கள்.

முதலில் ஹெலிகாப்டர் சத்தம், பிறகு மலையடிவாரத்தில் ஒரு புழுதிக் கோடு. அது நம்மை நோக்கி வளர்ந்துகொண்டே வந்து, காரே தெரியாமல் இரைச்சல் மட்டும் கடந்து போகிறது. இந்தப் பகுதி எரிமலைச் சாம்பல் மண். மேலே கெட்டியாகத் தோன்றும். சக்கரம் பட்டதும் உள்வாங்கி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிடும். உள்ளே மறைந்திருக்கும் கல் சக்கரத்தைக் கிழித்துவிடும். ஃபின்லாந்து ஓட்டுநர் கல்லே ரோவன்பெரா போன பிறகு என் பல்லிடுக்கிலெல்லாம் மண். பக்கத்திலிருந்த பெண்மணி தன் கைக்குட்டையை நனைத்து, முதலில் தன் குழந்தைக்கு, அடுத்து எனக்கு நீட்டினார்.

மதியம் திரும்பும்போது மழை பிடித்தது. குறுக்கு வழி என்று எங்கள் ஓட்டுநர் இறக்கிய பாதை கரிசல் மண். பத்து நிமிடத்தில் கார் அச்சுவரை புதைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆழம் கூடிற்று. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு முதியவர் மண்வெட்டியோடு வந்தார். ஓட்டுநரை இறங்கச் சொன்னார். டயர்களில் காற்றைப் பாதி இறக்கினார், சக்கரத்துக்கு முன்னால் வாய்க்கால் மாதிரி வெட்டித் தண்ணீரை வடித்தார், உரச்சாக்கும் கிளைகளும் போட்டார். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ‘ஹரம்பே!’ என்று ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து ‘ஹே!’ என்று ஒரு தள்ளு. இரண்டாவது கியர், மிதிக்காதே, உருட்டு என்று முதியவர் ஜன்னலோரம் நடந்தபடி சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி வெளியே வந்தது. பணம் நீட்டியதற்கு அவர் முகம் மாறியது. பையன்கள் மட்டும் சோடா கேட்டார்கள். கடைமுனையில் எல்லோருக்கும் இஞ்சி சோடா, ஸ்டோனி டங்காவிஸி, பாட்டில் 50 ஷில்லிங்.

இதே மண்ணில், ராத்திரியில், இரண்டே பேர், அடுத்த சாவடிக்கு நிமிடங்கள் கரைந்துகொண்டிருக்க, ஐயாயிரம் கிலோமீட்டர். 1963-இலும் 1968-இலும் எண்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டு ஏழே ஏழுதான் திரும்பி வந்தன. அந்த ஏழையும் ‘மூழ்காத ஏழு’ என்று இன்றும் சொல்கிறார்கள். ஜோகிந்தர் ஓடிய 22 சஃபாரிகளில் 19-ஐ முடித்தவர். மூன்று வெற்றியை விட எனக்கு இந்தப் பத்தொன்பதுதான் பெரிது. சேகர் மேத்தா ஐந்து முறை வென்றார் (1973, பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு). உகாண்டாவில் பிறந்து, இடி அமீன் ஆசியர்களைத் துரத்தியபோது கென்யாவுக்கு வந்தவர். கோப்பைக் கணக்கில் அவருக்கே முதலிடம். ஆனால் வண்டி என்ன கேட்கிறது என்று காதால் அறிந்து, அது தாங்கும் அளவுக்கு மட்டுமே அதனிடம் வாங்கிக்கொள்ளும் ஒரு மெக்கானிக்கின் ஓட்டத்தை நான் மேலே வைப்பேன். இன்று சேற்றில் நின்ற பிறகு அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு – ஹெல்ஸ் கேட்

செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடைசி ஸ்டேஜ். ரோவன்பெரா வென்றார், ஜப்பானின் கட்சுட்டா இரண்டாவது. இப்போதெல்லாம் மொத்த ஸ்டேஜ் தூரமே 400 கிலோமீட்டருக்குள். வேகம் நம்ப முடியாதது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மாலையில் ஞாமா சோமா. வெறும் உப்பு போட்டுக் கரியில் சுட்ட ஆட்டிறைச்சி, கிலோ 900, மரப்பலகையில் வெட்டிக் குவித்துத் தருகிறார்கள். சாப்பிடும் முன் ஒரு பெண் வெந்நீர்க் குடமும் கிண்ணமுமாக மேசை மேசையாக வந்து கை கழுவ ஊற்றினார். பக்கத்தில் சர்ச்சிலிருந்து நேரே வந்த குடும்பம், வெள்ளை உடையில் புழுதி படாமல் எப்படி இருந்தார்களோ! சாப்பிட்டு முடித்ததும் எங்கள் பலகையில் இரண்டு எலும்புத் துண்டுகளை எடுத்து வைத்து, ஈஸ்டர் வாழ்த்து சொன்னார் குடும்பத் தலைவர்.

ஏப்ரல் 1, திங்கள் – கெரிச்சோ

நகுரு தாண்டி மாவ் உச்சிவரை ஏற்றம், அப்புறம் இறங்க இறங்கத் தேயிலை. கண்ணுக்கு எட்டியவரை பச்சைக் கம்பளம் விரித்த வால்பாறை, ஆனால் மேடு பள்ளம் குறைவு, வானம் அகலம். கெரிச்சோவில் ஏறக்குறைய தினமும் மத்தியானம் மழை உண்டு, தேயிலைக்கு இந்த ஊரைப் பிடித்ததற்கு அதுதான் காரணம். இன்று ஆலங்கட்டியோடு வந்தது. தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கடைக்காரர் சைகையாலேயே விசாரித்து முர்சிக் ஊற்றித் தந்தார். சுரைக்குடுக்கையின் உட்புறத்தில் மரக்கரியைத் தேய்த்துப் புளிக்கவைத்த பால். சாம்பல் நிறம், புகை வாசனை, சுருக்கென்ற புளிப்பு. முதல் மடக்கில் முகம் சுளித்த தம்பி இரண்டாவது குவளை கேட்டான்.

விடுதியில் எங்கள் அறை இல்லை என்றார்கள். முன்பணம் வாங்கியிருந்தும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இருட்டப்போகிறது, மழை. ஊரில் சாந்த் பாபா பூரண் சிங் நினைவாகப் பெரிய குருத்வாரா இருக்கிறது. வாசலிலேயே ஒரு சீக்கியப் பெரியவர் எங்கள் நனைந்த பைகளைப் பார்த்துவிட்டு, ‘பேட்டா, முதலில் சாப்பிடுங்கள்’ என்றார். தால், உருளைக்கிழங்கு, சப்பாத்தி, இஞ்சி தட்டிப் போட்ட டீ. பரிமாறியவர்களில் பாதிப் பேர் உள்ளூர் கிப்சிகிஸ் இன இளைஞர்கள், தலையில் ஆரஞ்சுத் துணி. எத்தனை சப்பாத்தி என்று கேட்காமல் இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டே போனார்கள்.

ஏப்ரல் 2, செவ்வாய் – கெரிச்சோ

ஜோகிந்தர் பிறந்த வீடு எது என்று தேடவில்லை. ஊரைச் சுற்றினோம். கடைத்தெருவில் 1930-கள், 40-களின் ஆண்டு பொறித்த முகப்புகள், மேலே இந்தியப் பெயர்கள், உள்ளே இன்று செல்போன் கடை, விதைக்கடை.

நேற்றுப் பார்த்த பெரியவரை ‘ஜீ’ என்று அழைத்துப் பேச்சுக் கொடுத்தேன். 1967-இல் கென்ய அரசு குடியேற்றச் சட்டமும் வணிக உரிமச் சட்டமும் கொண்டுவந்தது. குடியுரிமை வாங்காத ஆசியர்களுக்குப் பிழைப்பு இறுகியது. லண்டனுக்கு அலை அலையாகப் போகத் தொடங்க, 1968 மார்ச்சில் பிரிட்டனும் அவசர அவசரமாகச் சட்டம் போட்டு வாசலைச் சாத்தியது. இவருடைய அண்ணன்கள் மூவரும் அந்த மாதங்களில் போனவர்கள். ‘வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்போம். ஈஸ்டர் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்காருவோம். ஜோகிந்தர் எந்தச் சாவடியில் இருக்கிறார் என்று கேட்க’ என்றார். தெருவில் கிப்சிகிஸ் பையன்கள் இவரைப் பார்த்ததும் ‘சிம்பா, சிம்பா’ என்று கத்துவார்களாம், தலைப்பாகை கட்டிய எல்லோரும் அவர்களுக்கு ஜோகிந்தர்.

நான் இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது. நாடு இவர்கள் யார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நாட்டின் பெரிய பந்தயத்துக்கே முகமாக இருந்தவர் இவர்களில் ஒருவர்.

1974 பற்றிக் கேட்டதும் பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கொட்டித் தீர்த்த மழை. ஐரோப்பாவிலிருந்து போர்ஷேயோடு வந்திருந்தவர் ஸ்வீடனின் பியோர்ன் வால்டகார்ட். ஜோகிந்தருக்குக் கிடைத்தது மிட்சுபிஷியின் 1,600 சிசி லான்சர், அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. வழி சொல்லும் நேவிகேட்டர் டேவிட் டாய்க். போர்ஷே வெகு நேரம் முன்னே இருந்து, கடைசியில் சஸ்பென்ஷன் உடைந்து நேரத்தை இழந்தது. லான்சர் முதலில் வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் சஃபாரியை வெல்வதற்கே 1972 வரை, ஃபின்லாந்தின் மிக்கோலா வரை, ஆகியிருந்தது. அடுத்த வருடமே சேகர் மேத்தா, 1974-இல் ஜோகிந்தர் என்று அந்த அலையை உள்ளூர்க்காரர்கள் திருப்பிவிட்டார்கள். 1976-இல் மறுபடியும் ஜோகிந்தர். அந்த முறை முதல் மூன்று இடமும் லான்சர்களுக்கே.

ஏப்ரல் 4, வியாழன் – மகிண்டு

தம்பிக்கு வேலை, நான் மட்டும் மொம்பாசா சாலையில் பஸ் ஏறினேன். நைரோபியிலிருந்து 160 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம். வெக்கை. இருபுறமும் முள்மரமும் செம்மண்ணும், அங்கங்கே பருத்த பாவோபாப். இந்தத் திசையிலும் பழைய சஃபாரி கடலை நோக்கி ஓடியிருக்கிறது. இடையில் டயர் வெடித்தது. பயணிகள் நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மாம்பழம் வாங்கித் தின்றோம், ஒன்று 20 ஷில்லிங், சாறு முழங்கைவரை வழிந்தது. குறை சொல்லும் குரல் ஒன்றுகூட எழவில்லை.

மகிண்டு குருத்வாராவை 1926-இல் ரயில்வே சீக்கியர்கள் கட்டினார்கள். எந்த மதமானாலும் எந்த நேரமானாலும் சாப்பாடும் படுக்கையும் இலவசம். முற்றத்தில் மயில்கள், வரிசையாக லாரிகள். பந்தியில் என் எதிரே உட்கார்ந்த லாரி ஓட்டுநருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், டைட்டா மலைப்பக்கத்துக்காரர். ஏன் வந்தாய் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

‘எங்கள் ஊர் வளைவில் அண்ணன்களோடு மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்போம். மற்ற கார்கள் வளைவுக்குள் கத்திக்கொண்டு வரும். லான்சர் வரும்போது சத்தமே சீராக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சிம்பா என்போம். திறந்து பார்த்தால் தலைப்பாகை.’ அதன் பிறகு தன் லாரியின் கிளட்ச் பற்றிப் பேசினார்; பன்னிரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, என்னென்ன மாற்றினார், எதை மாற்றாமல் வைத்திருக்கிறார் என்று கூட்டிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தே காட்டினார். எண்ணெய்க் கசிவு ஒரு சொட்டு இல்லை.

மகிண்டுவில் இறங்க நினைப்பவர்களுக்கு: தலையை மூடத் துணி வாசலிலேயே தருகிறார்கள். புகை, மது, இறைச்சி உள்ளே கூடாது. அறைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். உண்டியல் இருக்கிறது, முடிந்ததைப் போடுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவும் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நைரோபி திரும்பும் பஸ்களை வாசலில் கைகாட்டி நிறுத்தலாம், எனக்கு 500 ஷில்லிங் ஆனது. மதியம் கிளம்பினால் நகர நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள், விடியலில் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.